நூறு வாசகரும் ஒரு கல்லும்

“நூறு பேருக்கு நான் எங்க போறது, ஸாலிஹ்?”

நவரத்தினம் இப்படிக் கேட்டபோது வெள்ளவத்தை நூல்நிலையத்தில் மூன்று வாசகர்கள் இருந்தார்கள். ஒருவர் பத்திரிகையை முகத்தில் விரித்துக்கொண்டு குறட்டை விட்டார். இன்னொருவர் மழைக்கு ஒதுங்கியவர். மூன்றாமவர் வீட்டுத் திறப்பைத் தொலைத்துவிட்டு, மனைவி வரும்வரை நேரத்தைப் போக்குகிறவர்.

“என்னையும் எண்ணினா நாலு, சேர்,” என்றார் ஸாலிஹ். அவர்தான் நூல்நிலையத்தின் பியோன், காவற்காரர், ஒட்டடை அடிப்பவர் எல்லாம். நூலகர் நவரத்தினத்தையும் அவரையும் விட்டால் அங்கே வேறு ஊழியர் கிடையாது.

நவரத்தினத்தின் கையில் கரையோர நூல்நிலையச் சபையின் கடிதம் இருந்தது. நாளை, வியாழக்கிழமை, காலை பத்து மணிக்கு எஞ்சினியர் வருகிறார். ஒரே நேரத்தில் நூறு வாசகர் கூடி, இடம் போதாமல் அவதிப்படுவதைக் கண்ணால் கண்டால் பின்வளவில் மூன்று மாடிக் கட்டடம் கட்டச் சிபாரிசு செய்வார். காணாவிட்டால் நூல்நிலையத்தைப் பூட்டி, ஆறாயிரம் புத்தகங்களையும் பொரளையில் இருக்கும் சபையின் களஞ்சிய அறைக்கு ஏற்றிவிடுவார்கள். அந்த அறைக்குப் போன புத்தகத்தைக் கரையானைத் தவிர வேறு எவரும் வாசித்ததாகத் தகவல் இல்லை.

இடம் போதாது என்பதில் பொய்யே இல்லை. சுதந்திரம் கிடைத்த வருடம் திறந்த இரண்டு அறைகள். இருபத்தொரு வருடமாக அதே இரண்டு அறைகள். புவியியல் புத்தகங்கள் குளியலறையில் இருந்தன. உடம்பு வைத்த ஒருவர் உள்ளே போனால், அவர் வெளியே வரும்வரை மற்றவர்கள் வாசலில் நிற்க வேண்டும். கடற்கரை ரெயில் போகும்போதெல்லாம் மேல்தட்டிலிருந்து ஏதாவது ஒன்று யார் தலையிலாவது விழும்.

சிக்கல் வாசகர்களிடம்தான் இருந்தது. எஞ்சினியர் காலை ஏழு மணிக்கு வந்தால் நாற்பது பேரையாவது பார்ப்பார். அந்த நேரம் ஊர் முழுக்க மரண அறிவித்தல் பக்கத்துக்காக அங்கே நிற்கும். தெரிந்தவர் யாராவது இருக்கிறார்களா என்று பார்ப்பார்கள். இல்லாவிட்டால் கொஞ்சம் ஏமாற்றத்தோடு கந்தோருக்குப் போவார்கள். பத்து மணிக்கு வருகிறவர்களுக்குத் திறப்புத் தொலைந்திருக்க வேண்டும்.

நவரத்தினத்துக்கு இன்னொரு இரகசிய ஆசையும் இருந்தது. அதை மனைவி பாலேஸ்வரிக்குக்கூட அவர் சொன்னதில்லை. போன மாதம் கொள்ளுப்பிட்டியில் சபைக் கந்தோருக்குப் போனபோது, தட்டெழுத்தாளர் மிஸ் புளோறன்ஸிடம் மட்டும் சுற்றி வளைத்துக் கேட்டிருந்தார்.

“மிஸ், புதுக் கட்டடம் எண்டு ஒண்டு வந்தால் அதுக்கு ஒரு பேர் வைப்பினம்தானே?”

“வைப்பாங்க. கல்லில வெட்டி வைப்பாங்க.”

“இருபத்தொரு வருசம் ஒரே கதிரையில இருந்த ஒரு ஆளின்ர பேரை வைக்க ஏலாதோ? சும்மா கேக்கிறன்.”

புளோறன்ஸ் தட்டெழுத்துப் பொறியை நிறுத்தாமலே சொன்னாள். “சபையின்ட சட்டம் பதினேழு, மிஸ்டர் நவரத்தினம். உயிரோட இருக்கிற ஆளின்ட பேரக் கல்லில போடேலாது. ரிட்டயர் பண்ணினாலும் போடேலாது.”

“அப்ப வேற வழி?”

“ஒரே ஒரு வழிதான் இருக்கு. அவசரப்படாதீங்க.”

“எஞ்சினியர் ஐயாவுக்கு என்னைத் தெரியுமோ?”

“பேர் பைல்ல இருக்கு. முகம் எப்பிடித் தெரியும்? எஞ்சினியர் பகுதியும் ஊழியர் பகுதியும் ஒரு மின்விசிறிக்குச் சண்டை பிடிச்சு ஆறு வருசமாக் கதைக்கிறதே இல்ல. ஒரு பகுதியில நடக்கிறது மற்றதுக்குத் தெரியாது.”

கல் ஆசையை அன்றோடு மடித்து வைத்துவிட்டார். இப்போது கல் வேண்டாம், கட்டடம் வந்தால் போதும்.

“ஸாலிஹ், நீர் சைக்கிளை எடும். அங்கத்தவர் வீடு ஒண்டும் விடாமல் போய், நாளைக்குப் பத்து மணிக்கு லைபிரரிக்கு வரச் சொல்லும். ஆனால் காரணத்தை மட்டும் சொல்லிப்போடாதையும். ஆக்களைச் சேர்த்துக் காட்டினதெண்டு எஞ்சினியரின்ர காதில விழுந்தால் எல்லாம் பாழ்.”

“காரணம் கேட்டா நான் என்ன செல்ற, சேர்?”

“சொல்ல ஏலாது எண்டு சொல்லும்.”

ஸாலிஹுக்குப் பொய் சொல்ல வராது. ஒன்றை மறைப்பது அதைவிடக் கஷ்டம். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்து, காலால் மண்ணைக் கிளறிக்கொண்டு நின்றார்.

“சேர் உங்கள நாளைக்குப் பத்து மணிக்கு லைபிரரிக்கு வரட்டாம்.”

“என்ன விசயம், ஸாலிஹ்?”

“அது... என்ட வாயால செல்ல ஏலா. நீங்க வாங்களேன்.”

வெள்ளவத்தையில் ஒருவர் வாசலில் தலை குனிந்து நின்று, காரணம் சொல்லாமல் வரச் சொன்னால் அதற்கு ஒரே அர்த்தம்தான். கெட்ட செய்தியைப் படலையில் வைத்து யாரும் உடைத்துச் சொல்வதில்லை. கேட்பவரும் துருவிக் கேட்பதில்லை. வீட்டுக்காரர்கள் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, உள்ளே போய் வெள்ளை வேட்டியை எடுத்து வெளியே போட்டார்கள்.

நவரத்தினத்துக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? அவர் கதிரைக் கவலையில் இருந்தார். நூல்நிலையத்தில் இருந்தவை பன்னிரண்டு. அதில் இரண்டு, இருப்பவரைக் கவிழ்த்துவிடும். நூறு பேர் வந்து இருக்க இடமில்லாமல் திரும்பிப் போய்விட்டால் என்ன செய்வது? மாலையில் காலி வீதிக் கடைத்தெருவுக்கு நடந்தார். அங்கே தியாகராசா நல்லது கெட்டதுகளுக்குக் கதிரை வாடகைக்குக் கொடுத்துவந்தார்.

“தியாகு, நாளைக்குக் காலமை எண்பது கதிரை வேணும்.”

“என்னண்ணை, கலியாணமோ?”

“இல்லை.”

“சாமத்திய வீடோ? ஆரும் பெரியபிள்ளையோ?”

“சீச்சீ.”

தியாகராசாவின் முகத்திலிருந்த சிரிப்பு மெல்ல இறங்கியது. “அப்ப...”

“ஒண்டும் கேக்காதை. பிறகு சொல்லுறன்.”

தியாகராசா எழுந்து வந்து அவர் கையைப் பிடித்தார். “மனதைத் தளரவிடாதேங்கோ அண்ணை. நான் எல்லாம் பாத்துக்கொள்ளுறன்.”

நூல்நிலையத்தின் மேல் இந்த மனுசனுக்கு இவ்வளவு பற்றா என்று நவரத்தினம் வியந்தார். இருபத்தொரு வருடத்தில் ஒரு புத்தகம் எடுக்காதவரைப் பற்றித் தவறாக நினைத்துவிட்டேனே என்று வழி முழுக்க வருந்திக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

வியாழன் காலை ஏழு மணிக்குக் கதிரைகள் வந்து இறங்கின. கூடவே பெரிய தறப்பாள் ஒன்றும், மேலே கட்டுகிற வெள்ளைத் துணியும், வெற்றிலைத் தட்டங்களும், ஒரு குத்துவிளக்கும் வந்தன.

“இதெல்லாம் என்னத்துக்கு?” என்று கேட்டார் நவரத்தினம்.

“முதலாளி செட்டாத்தான் குடுப்பார், ஐயா,” என்று சொல்லிவிட்டு வந்த ஆட்கள் விறுவிறென்று தறப்பாளைக் கட்டினார்கள்.

மழை தூறிக்கொண்டிருந்தது. நனையாமல் வாசிக்கலாமே என்று நவரத்தினமும் விட்டுவிட்டார். குத்துவிளக்கை மட்டும் ஒரு மூலையில் வைத்துவிட்டு, குளியலறைப் புவியியலைத் தூசி தட்டப் போனார். தட்டத் தட்ட இருபத்தொரு வருடத் தூசி வந்துகொண்டே இருந்தது. ஒன்பது மணிக்கு ஒழுங்கை முனையில் ஜினதாச முதலாளியின் கடைக்குப் பிளேன்டீ குடிக்கப் போகிற வழக்கத்தைக்கூட அன்று மறந்துவிட்டார்.

தறப்பாளைக் கண்டு, நவரத்தினத்தைக் காணாத ஜினதாச முதலாளியும் சும்மா இருக்கவில்லை. அவருடைய சிங்கள ஆட்களின் செத்தவீட்டு வழக்கப்படி, காலி வீதியிலிருந்து நூல்நிலைய வாசல்வரை ஒழுங்கையின் இரு பக்கமும் கயிறு கட்டி, வெள்ளைக் கொடிகளைத் தொங்கவிட்டார். தன் கடைக் கதவையும் பாதி சாத்தினார்.

ஒன்பதரைக்கு நவரத்தினம் தூசியைத் தட்டிக்கொண்டு முன்னறைக்கு வந்தார். வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். முன்னறை நிறைய ஆட்கள். விறாந்தை நிறைய ஆட்கள். தறப்பாளின் கீழே எண்பது கதிரையும் நிறைந்து, மிச்சப் பேர் மதிலோடு சாய்ந்து நின்றார்கள். எல்லோரும் வெள்ளை உடுப்பில், செருப்பைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு, சத்தம் போடாமல் இருந்தார்கள். ஆண்கள் ஆளுக்கொரு பத்திரிகையைக் கையில் எடுத்திருந்தார்கள். இப்படி ஒழுக்கமான வாசகர்களை அவர் தன் சேவையில் கண்டதே இல்லை. அவருக்குத் தலைகால் புரியவில்லை.

“பாத்தீரே ஸாலிஹ், எங்கட சனத்தை!” என்று கிசுகிசுத்தார்.

அந்த நேரம் சிவமணியக்கா வந்து சேர்ந்தார். வெள்ளவத்தையில் ஒரு செத்த வீட்டுக்கும் அவர் பிந்திப் போனதாக வரலாறு இல்லை. நேரே உள்ளறைக்குப் போய், சஞ்சிகை மேசையின் பக்கத்தில் காலை மடக்கி இருந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு பெருங்குரல் எடுத்தார்.

“என்ர ராசா... எங்களை இப்பிடி அந்தரிக்க விட்டிட்டுப் போட்டியளே...”

மூன்று வரி பாடி முடித்ததும் மூக்கைத் துடைத்துக்கொண்டு, பக்கத்திலிருந்த பெண்ணிடம் தாழ்ந்த குரலில் கேட்டார். “ஆர் பிள்ளை செத்தது?”

“தெரியாதக்கா. நானும் அதைத்தான் பாத்துக்கொண்டிருக்கிறன்.”

நவரத்தினம் சுற்றுமுற்றும் பார்த்தார். தறப்பாளும் வெள்ளைத் துணியும் தட்டமும் விளக்கும் இப்போதுதான் ஒழுங்காகக் கண்ணில் பட்டன. உடனே உண்மையைச் சொல்லிவிடுவது என்று முக்காலி ஒன்றில் ஏறினார். ஏறியதும் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். பத்துக்குப் பத்து நிமிடம். வாசலில் நின்ற ஸாலிஹ் கைவிரல்களால் கணக்குக் காட்டினார். நூற்று நாற்பத்து மூன்று.

உண்மையைச் சொன்னால் நூற்று நாற்பத்து மூன்று பேரும் செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள். பிறகு எஞ்சினியரும் திறப்புத் தொலைத்தவரும்தான் மிஞ்சுவார்கள்.

“ஆரண்ணை மோசம் போனது?” என்று கூட்டத்திலிருந்து ஒருவர் கேட்டார்.

“அது...” நவரத்தினம் அலுமாரிகளைப் பார்த்தார். “எங்கட லைபிரரியில கனகாலமா இருந்த ஒரு சீவன்.”

கூட்டம் ‘த்சு த்சு’ என்றது.

“பிரேதம் எப்ப வரும்?”

“பத்தரைக்கு.” வாயைத் திறந்தாகிவிட்டது, இனி மூடி என்ன பயன்? “அது மட்டும் சும்மா இருக்காதேங்கோ. ஆளுக்கொரு புத்தகம் எடுத்து வாசியுங்கோ. அந்த ஆத்துமா விரும்பினது அது ஒண்டைத்தான்.”

இறந்தவரின் கடைசி விருப்பத்தை யார் மறுப்பார்கள்? அலுமாரிகள் பத்து நிமிடத்தில் பாதி காலியாகின. ஓய்வுபெற்ற கிளாக்கர்மார் குளியலறைக்குப் போய் ஆபிரிக்காவையும் அவுஸ்திரேலியாவையும் எடுத்து வந்தார்கள். சிவமணியக்காவுக்குச் சமையல் புத்தகம் ஒன்று அகப்பட்டது. ஒரு வரி அழுவார், ஒரு பக்கம் திருப்புவார். இரண்டு அறையும் விறாந்தையும் முற்றமும் நிறைய மனிதர்கள் வாசித்துக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்தபோது நவரத்தினத்துக்கு உண்மையாகவே கண் கலங்கியது. இதற்காகத்தானே இருபத்தொரு வருடம் காத்திருந்தார்.

சரியாகப் பத்து மணிக்கு ஒழுங்கை முனையில் எஞ்சினியரின் மொறிஸ் மைனர் வந்து நின்றது. அதற்கு மேல் கார் வர வழியில்லை.

நவரத்தினம் ஓடிப்போய் வரவேற்கத்தான் நினைத்தார். ஆனால் சிவமணியக்காவைச் சுற்றி இருந்த பெண்கள், அவர் நின்ற உள்ளறையின் வாசலை அடைத்துவிட்டார்கள். “கொஞ்சம் விடுங்கோ தங்கச்சி, அவசரம்,” என்றார். “எல்லாருக்கும் துக்கம்தான் அண்ணை, இருங்கோ,” என்று யாரோ அவரைப் பிடித்து இருத்தினார்கள். யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்க்க மட்டும்தான் முடிந்தது.

எஞ்சினியர் கொடிகளைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். ஜினதாச முதலாளியிடம் ஏதோ கேட்டார். ஜினதாச முதலாளி தோளில் கிடந்த துவாயால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நூல்நிலையத்தைக் காட்டி நெடுநேரம் ஏதோ சொன்னார். எஞ்சினியர் தொப்பியைக் கழற்றினார். ஒரு நிமிடம் அசையாமல் நின்றார். பிறகு குறிப்புப் புத்தகத்தில் நாலு வரி எழுதிக்கொண்டு காரில் ஏறிப் போய்விட்டார். உள்ளே கால் வைக்கவே இல்லை.

“எல்லாம் முடிஞ்சுது,” என்று நவரத்தினம் யன்னலோடு சரிந்தார்.

முடியவில்லை. பத்தரை ஆனது, பத்தேமுக்கால் ஆனது. “பிரேதம் எங்க?” என்று கூட்டம் கேட்கத் தொடங்கியது. பதினொரு மணிக்கு ஸாலிஹ் பொறுக்கமாட்டாமல் தன் வாழ்நாளின் முதல் பொய்யைச் சொன்னார்.

“மையத்த நேராக் கனத்தைக்கே கொண்டு போய்ட்டாங்களாம்.”

உடனே பாதிக் கூட்டம் பொரளை பஸ்ஸுக்கு ஓடியது. அன்று பொரளைக் கனத்தை மயானத்தில் ஓய்வுபெற்ற ரெயில்வே கார்ட் ஒருவரின் அடக்கம். பிள்ளைகள் மூன்று பேர் மட்டும் நின்ற இடத்தில், திடீரென்று எழுபது பேர் கையில் நூல்நிலையப் புத்தகத்தோடு வந்து வரிசையில் நின்றார்கள். அப்பாவுக்கு இவ்வளவு படித்த சிநேகிதர்களா என்று அந்தப் பிள்ளைகள் விம்மி விம்மி அழுதார்களாம்.

மத்தியானம் நவரத்தினம் பிளேன்டீ குடிக்கப் போனபோது ஜினதாச முதலாளி அவரைக் கண்டு கிளாஸைக் கீழே போட்டு உடைத்தார். “அனே மாத்தயா, ஐயோ ஐயா!” என்று அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. எல்லோருக்கும் இன்றைக்கு மனம் இளகியிருக்கிறது என்று நவரத்தினம் நினைத்துக்கொண்டார். அவருக்கு இருந்த கவலையில் அதற்கு மேல் யோசிக்கத் தோன்றவில்லை.

அடுத்த ஆறு கிழமையும் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. புத்தகங்களை ஒவ்வொன்றாகத் துடைத்து, பொரளைக்கு அனுப்பச் சணல் கயிற்றால் கட்டத் தொடங்கினார். வீட்டுக்கு வந்தும் அதே பேச்சு.

“அங்க போனால் ஆர் பாலேஸ், அதுகளைத் தொட்டுப் பாக்கப்போகினம்?”

“உங்களுக்கு என்னைத் தொட்டுச் சுகம் விசாரிக்க நேரமில்லை. புத்தகத்துக்கு அழுறியள்,” என்றார் பாலேஸ்வரி. ஆனால் அன்று அவருக்குப் பிடித்த கத்தரிக்காய்ப் பால்கறியை வைத்தார்.

ஆறாம் கிழமை முடிவில் சபையின் எஞ்சினியர் பகுதியிலிருந்து வீட்டுக்கு ஒரு கடிதம் வந்தது. மேலே ‘திருமதி நவரத்தினம்’ என்று இருந்தது. பாலேஸ்வரி உடைத்து உரத்து வாசித்தார். வெள்ளவத்தையில் நேரில் கண்ட மக்களின் பேரன்பைக் கருத்திற்கொண்டு, மூன்று மாடிப் புதிய நூல்நிலையத்துக்கு அனுமதி வழங்கத் தீர்மானிக்கப்பட்டுள்ளது. இறுதிக் கையெழுத்து அடிக்கல் நாட்டு விழாவில் இடப்படும். திருமதி அவர்கள் மேடையில் அமர்ந்து சிறப்பிக்க வேண்டும். நவரத்தினத்தின் நல்ல படம் ஒன்றையும் அனுப்பிவைக்க வேண்டும்.

நவரத்தினம் கதிரையிலிருந்து எழும்பி, பத்து வயதுப் பிள்ளை குதிப்பது போலக் குதித்தார்.

“எனக்கேன் எழுதினவை?” என்று பாலேஸ்வரி கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“டைப் அடிச்ச பிழை. புளோறன்ஸ் மிஸ்ஸுக்கும் வயது போகுது. படத்தை எடு, படத்தை! கோட் போட்டது இருக்கு, அது நல்லம்.”

அதே தபாலில் ஊழியர் பகுதியிலிருந்து அவருடைய வருடாந்த லீவுப் பத்திரமும் வந்திருந்தது. அதை அவர் திறந்தும் பார்க்கவில்லை.

விழா நாளும் வந்தது. சபை, பாலேஸ்வரியை அழைத்துப்போகக் காரே அனுப்பியது. நவரத்தினத்துக்கு அதில் இடமில்லை. அவருக்கு அதில் வருத்தமும் இல்லை. காலையில் வழக்கம்போல நூல்நிலையத்தைத் திறந்து, இரண்டு புத்தகம் கொடுத்து, மூன்று புத்தகம் வாங்கி, பூட்டிவிட்டு, பட்டு வேட்டியும் சால்வையுமாகப் பின்கதவால் வளவுக்குள் இறங்கினார். கொஞ்சம் பிந்திவிட்டது. கூட்டம் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மேடையில் பாலேஸ்வரியை இரண்டு பெண்கள் இரு பக்கமும் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். என்ன மரியாதை என்று பூரித்துப்போனார் நவரத்தினம். பாலேஸ்வரி மட்டும் ஒன்றும் விளங்காமல் திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தார். எஞ்சினியர் குரல் தழதழக்கப் பேசிக்கொண்டிருந்தார்; ஒலிபெருக்கியின் கரகரப்பில் ஒரு சொல்லும் விளங்கவில்லை. நடுக் கதிரையில் இருந்த சபைத் தலைவர் பேனாவின் மூடியைக் கழற்றித் தயாராக வைத்திருந்தார்.

அப்போது கடற்காற்று ஒரு வீச்சு வீசியது. மாமரத்தடியில் நிறுத்தியிருந்த கல்லின் மேல் போட்ட மஞ்சள் துணி பாதி விலகியது. கருங்கல்லில் பொன் எழுத்தில் வெட்டியிருந்ததை நவரத்தினம் ஒருமுறை வாசித்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரும்பவும் வாசித்தார்.

‘இ. நவரத்தினம் நூல்நிலையம்.’

அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. கண்ணீர் தாரை தாரையாக ஓடியது. யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. மாமரத்தின் பக்கத்தில் பைல்கட்டோடு மிஸ் புளோறன்ஸ் நிற்பதைக் கண்டு, கூட்டத்தை இடித்துக்கொண்டு ஓடினார்.

“மிஸ்! என்ர பேர்! நான் உயிரோட இருக்கேக்கையே கல்லில என்ர பேர்! சட்டம் பதினேழை மாத்திப்போட்டினமே?”

புளோறன்ஸ் திடுக்கிட்டு மேடையைப் பார்த்தாள். தலைவரின் பேனா கடதாசியில் இன்னும் படவில்லை. பைல்கட்டால் நவரத்தினத்தின் நெஞ்சில் ஒரு தள்ளுத் தள்ளி, அவரை மாமரத்துக்குப் பின்னால் ஒளித்துவிட்டுச் சொன்னாள்.

“சட்டம் அப்பிடியேதான் இருக்கு, மிஸ்டர் நவரத்தினம். தலைவர் கையெழுத்து வைக்கிற வரைக்கும், தயவுசெய்து, நீங்க செத்துத்தான் இருக்கணும்.”